பல் முளைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்

14 மாதக் குழந்தை. ஹீமோகுளோபின் 7.8, ரத்தசோகை. அம்மாவின் பையில் ஒரு ஃபீடிங் பாட்டில், கஞ்சி இறங்குவதற்காக நிப்பிள் துளையைக் கத்தரியால் பெரிதாக்கியிருந்தார்கள். உள்ளே பழுப்பு நிறத்தில் சத்துமாவுக் கஞ்சி. "21 வகை தானியம் போட்டிருக்கு மேடம், எல்லாமே முழுதானியம். ரத்தம் எப்படிக் குறையும்?" என்று கேட்டார். பதில் சொல்லாமல், மெத்தென்ற இட்லியை விரல் நீளத்துக்குக் கிள்ளிக் குழந்தையின் கையில் கொடுத்தேன். பிசைந்தான், பார்த்தான், வாயில் வைத்தான். ஒரு பருக்கை நாக்கில் பட்டதுதான் தாமதம், ஓங்கரித்துக் காலையில் குடித்த பாலையும் சேர்த்துக் கக்கிவிட்டான். "பாத்தீங்களா மேடம், மிக்சில அடிக்காம இவனுக்கு ஒண்ணும் இறங்காது" என்றார் கூட வந்த பாட்டி.

(அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாவிட்டாலும் யார் வீட்டுக் குழந்தை என்று சொல்லிவிட முடியாது. வாரம் தவறாமல் இப்படி ஒரு குழந்தை வருகிறது.)

மிக்சியில் அடித்துக் கொடுப்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "பல்லே ரெண்டுதான் மேடம், எப்படி மெல்லும்?" கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. முதலில் முளைப்பவை முன்பற்கள். அவற்றால் கடிக்கலாம், அரைக்க முடியாது. அரைப்பது கடைவாய்ப் பல்லின் வேலை. முதல் கடைவாய்ப் பல் பெரும்பாலும் 13 முதல் 19 மாதத்துக்குள்தான் வெளியே வரும். ஆக, 'பல் வந்தால்தான் கெட்டி உணவு' என்பதை நேர்மையாகக் கடைப்பிடித்தால் ஒன்றரை வயது வரை கஞ்சிதான். அப்படியா பரிந்துரைக்கிறார்கள்? 6 மாதம் முடிந்ததும் மசித்த உணவு, 8 மாதத்தில் கையில் பிடித்துத் தின்னும் உணவு, ஒரு வயதில் வீட்டில் எல்லோரும் சாப்பிடும் சாப்பாடு என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரிசை. ஈறுக்குள் பற்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. வெந்த இட்லியை நசுக்க அந்த ஈறு தாராளமாகப் போதும். தாய்ப்பால் கொடுக்கும்போது பல் இல்லாத வாயால் கடி வாங்கிய அம்மாக்களுக்கு ஈறின் பலத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

உண்மையில் குழந்தை பழக வேண்டியது நாக்கின் வேலையை. பாலையும் கஞ்சியையும் நாக்கு நேராகப் பின்னால் தள்ளினால் போதும். இட்லித் துண்டு என்றால் ஓரத்துக்குத் தள்ளி, நசுக்கி, மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து விழுங்க வேண்டும். கொடுத்துப் பழக்கினால்தான் இது வரும். 10 மாதம் தாண்டியும் பருக்கையே காட்டாத பிள்ளைகளிடம் பின்னாளில் சாப்பாட்டுச் சிக்கல்கள் அதிகம். மூன்று வயதில் "தயிர் சாதத்தைத் தவிர எதையும் தொடமாட்டேங்கிறான்" என்று வருபவர்களிடம் பழைய கதையைக் கேட்டால், பெரும்பாலும் மிக்சி ஜாரில் போய் முடியும்.

அடுத்த பயம், தொண்டையில் சிக்கிவிடும் என்பது. ஓங்கரிப்பது வேறு, மூச்சடைப்பது வேறு. ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், இருமும், முகம் சிவக்கும், துண்டைத் துப்பிவிடும். பழகும் நாட்களில் இது சகஜம். நீங்கள் அலறாமல் இருந்தாலே பாதி சரியாகிவிடும். மூச்சடைத்த குழந்தைக்குச் சத்தமே வராது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலம் பாயும். அப்போது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவவே கூடாது, துண்டு இன்னும் உள்ளே போய்விடும். ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்க, இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும்.

இட்லிக்குப் பயப்படும் அதே வீட்டில் தாத்தா மடியில் உட்கார்ந்து பிள்ளை பொட்டுக்கடலை தின்றுகொண்டிருக்கும். வறுத்த கடலை, முழு நிலக்கடலை, சோளப்பொரி, முறுக்கு, முழுத் திராட்சை எதுவும் வேண்டாம். முழு நிலக்கடலையையும் சோளப்பொரியையும் ஐந்து வயது வரை தள்ளியே வையுங்கள். மூச்சுக்குழலில் இருந்து கடலையை எடுக்க மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட வேண்டும். சிரமப்படுவது குழந்தைதான்.

சரி, தானியத்துக்கு வருவோம். சிறுதானியத்தில் எனக்குச் சண்டையே இல்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 364 மி.கி., தீட்டிய அரிசியில் 10 மி.கி.கூட இல்லை. கம்பில் இரும்பு 6.4 மி.கி., அதே அரிசியில் 0.65. கேழ்வரகின் சுண்ணாம்பில் கணிசமான பங்கு மேல்தோலில் இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? முழுதானியம் என்று தேடி வாங்கி, ஊறவைத்து அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து பாலை மட்டும் எடுத்துவிட்டு, சக்கையை மாட்டுக்கு வைக்கிறோம். 6 மாதத்தில் முதல் சில வாரங்களுக்கு அது சரி. 8 மாதத்துக்கு மேலும் துணியைத் தேடாதீர்கள். கஞ்சி போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் முளைகட்டிய மாவில் போடுங்கள். முளைவிடும்போது மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதி பெருகுவதால், மாவைக் கூடுதலாகப் போட்டாலும் கஞ்சி இறுகாது. அந்த 21 வகைப் பொடியில் முந்திரி, பாதாம், சோயா என்று எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். உடம்பில் தடிப்பு வந்தால் எதனால் என்று யாருக்குத் தெரியும்? புதிய பொருளை ஒவ்வொன்றாகப் பழக்குங்கள்.

கையில் கொடுக்க எனக்குப் பிடித்தது கம்பு இட்லி. இரண்டு பங்கு கம்பு, ஒரு பங்கு இட்லி அரிசி, முக்கால் பங்கு உளுந்து, ராத்திரி முழுக்கப் புளிக்க வேண்டும். ஊறுவதாலும் புளிப்பதாலும் இரும்பைக் கட்டிப்போடும் பைட்டேட் குறைகிறது. உப்பு போடும் முன் குழந்தைக்கான மாவைத் தனியே எடுத்து வையுங்கள், ஒரு வயது வரை உப்பு தேவையில்லை. சம்பா கோதுமை ரவையும் பாசிப்பருப்பும் துருவிய கேரட்டும் சேர்த்துக் குழைய வேகவைத்த பிடிகொழுக்கட்டை இன்னும் சுலபம். பிடிக்கும்போதே விரல் வடிவம் வந்துவிடும். கேழ்வரகு இடியாப்பம், முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போட்ட கேழ்வரகு அடை (மொறுமொறுப்பாக வேண்டாம், மூடிபோட்டு வேகவையுங்கள்), பருப்பில் ஊறிய சப்பாத்தி, எல்லாம் நல்லவைதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை. 8 மாதத்தில் குழந்தை கை முழுக்கப் பிடிக்கும், அதனால் நீளத்துண்டு. இரண்டு விரலால் பொறுக்கத் தொடங்கியதும் சின்னத் துண்டு. நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். நடக்கும்போதோ படுத்தபடியோ காரிலோ கூடாது. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், போனைக் கீழே வைத்துவிட்டு.

'ராகி பிஸ்கட்' கொடுக்கிறோம் என்பவர்கள் தயவுசெய்து பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் அச்சாகியிருக்கும். பல பாக்கெட்டுகளில் முதல் பெயர் சுத்திகரித்த கோதுமை மாவு, அதாவது மைதா. அடுத்தது சர்க்கரை. ராகி எங்கோ கடைசியில். இரண்டு வயது வரை சர்க்கரையே வேண்டாம். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் இதில் சேர்த்திதான், முறைக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து, நாக்கில் தடவக்கூடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தானியம் மட்டும் ரத்தசோகையைத் தீர்க்காது. தானியத்தில் உள்ள இரும்பு உடம்பில் சேர்வது கொஞ்சம்தான். கூடவே முட்டை, பருப்பு, ஈரல், மீன் என்று உங்கள் வீட்டுப் பழக்கப்படி ஏதாவது வேண்டும். அடையோடு நாலு சொட்டு எலுமிச்சைச் சாறோ ஒரு துண்டு கொய்யாவோ சேர்ந்தால் நல்லது. வயிறு சின்னது, நார்ச்சத்தால் மட்டும் நிரப்பாமல் ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள். பசும்பாலை ஒரு வயதுக்குப் பிறகு குடிக்கக் கொடுக்கலாம், நாளுக்கு 400 முதல் 500 மில்லி போதும். அதற்கு மேல் போனால் பசியும் இரும்பும் சேர்ந்தே குறையும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019-21) தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வாரம் இரண்டு முறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப்பைக் கிராம சுகாதார செவிலியர் இலவசமாகத் தருகிறார். வாங்கிப் பரணில் வைக்காதீர்கள், கொடுங்கள்.

10 மாதம் முடிந்தும் பருக்கை பட்டால் ஓங்கரிக்கிறதா, சாப்பிடும்போதெல்லாம் இருமுகிறதா, எடை ஏறாமல் நிற்கிறதா? தள்ளிப்போடாமல் கூட்டி வாருங்கள். காலையில் வீட்டில் சமைத்ததில் கொஞ்சம் டப்பாவில் எடுத்து வாருங்கள், குழந்தை எப்படிச் சாப்பிடுகிறது என்று நான் கண்ணால் பார்க்க வேண்டும். முடிந்தால் பாட்டியும் வரட்டும். பெரும்பாலான வீடுகளில் மிக்சியைப் போடுவது அவர்தான்.