ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே பாத்ரூமில் வேண்டாம்

விடாத வறட்டு இருமல், மூச்சு வாங்கல், நெஞ்சு இறுக்கம், கண்ணில் நீர். 2021 ஜூன் மாதத்தில் சென்னையில் ஒருவர் இப்படி அவசரப் பிரிவுக்கு வந்தால், கூட வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "கொரோனாவா டாக்டர், சிடி ஸ்கேன் எடுத்துடலாமா?" நாங்கள் கேட்ட முதல் கேள்வி வேறு. "காலையில பாத்ரூம் கழுவினீங்களா?"

பதில் உடனே வராது. பாத்ரூம் கழுவியதை யாரும் நோய்க்கதையோடு சேர்த்துச் சொல்வதில்லை. தூண்டித் துருவினால்தான் வரும்: "ஆமா, கொஞ்சம் ஆசிட் ஊத்தினேன். அப்புறம் பிளீச்சிங் பவுடர் போட்டேன், கிருமி போகணும்ல." காய்ச்சல் இல்லை, இருமல் காலை பத்து மணிக்குத் திடீரென்று தொடங்கியது, கண்ணும் தொண்டையும் ஒன்றாக எரிந்தன. இந்த மூன்றும் சேர்ந்தால் சிடி அறைக்கு ஓடுவதற்கு முன் வாளியில் என்ன இருந்தது என்று கேளுங்கள். எங்கள் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏன் அப்போது இத்தனை பேர்? 2021 மே 10-ஆம் தேதி ஊரடங்கு, மே 24 முதல் தளர்வுகளற்ற ஊரடங்கு. வீட்டு வேலைக்கு வரும் அக்காவை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பள்ளி இல்லை, ஆபீஸ் இல்லை, பகலில் பூட்டிக் கிடந்த வீட்டில் அப்போது எல்லோரும் இருபத்து நாலு மணி நேரமும் இருந்தார்கள். பிரஷ்ஷைத் தொட்டே பார்க்காத கைகள் பாத்ரூம் கழுவின. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் கைகளுக்கு எது எதோடு சேரக் கூடாது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கூடவே தொற்றுப் பயம் வேறு.

இன்னொரு காரணம் நம் ஊர்த் தண்ணீர். போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் டைல்ஸில் மஞ்சளும் வெள்ளையுமாக உப்புக்கறை படியும். அதைக் கரைக்க அமிலம் வேண்டும். பிளீச்சிங் பவுடருக்கு அந்தக் கறை அசையாது. போதாக்குறைக்கு, பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பு உண்டு. அது கரையாமல் தரையில் வெள்ளையாகப் படியும். படிந்ததைப் பார்த்து, "இன்னும் கறை போகலையே" என்று அதன் தலையிலேயே ஆசிட்டை ஊற்றுவார்கள். இந்த இடத்தில்தான் விபத்து நடக்கிறது.

மூச்சு முட்டி வந்தவர்களிடமும் நான் ஓயாமல் கேட்கும் நம்பிக்கை ஒன்று உண்டு: "ரெண்டையும் சேர்த்தா பவர் கூடும்." கூடாது. இதை நிதானமாகச் சொல்கிறேன், ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். பிளீச்சிங் பவுடரின் வேலை கிருமியைக் கொல்வது. அந்த வேலையைச் செய்ய குளோரின் தண்ணீருக்குள்ளேயே தங்க வேண்டும். ஆசிட் பட்டதும் அது வாயுவாகப் பறந்துவிடும். பறந்தபின் வாளியில் கிருமிக்கொல்லி மிச்சமில்லை. ஆசிட்டின் வேலை உப்பைக் கரைப்பது. பவுடரில் உள்ள சுண்ணாம்போடும் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் உப்போடும் வினைபுரிந்து அதுவும் தீர்ந்துபோகும். ஆக, கறையும் போகாது, கிருமியும் சாகாது, இரண்டுக்கும் கொடுத்த காசு புகையாகி உங்கள் நுரையீரலுக்குள் போகும். "நுரைச்சுக்கிட்டு பொங்குது, அப்ப வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பார்கள். வெறும் உப்புக்கறை மேல் ஆசிட் பொங்கினால் வெளிவருவது சோடாவில் இருக்கும் அதே வாயு. பிளீச்சிங் பவுடர் மேல் பொங்கினால் வருவது முதல் உலகப் போரில், 1915-இல், பதுங்குகுழிகளில் இருந்தவர்கள் மேல் திறந்துவிட்ட வாயு. பார்வைக்கு இரண்டும் ஒரே நுரைதான்.

அடுத்த சமாளிப்பு: "நான் கலக்கலையே டாக்டர், ஒண்ணுக்கப்புறம் ஒண்ணுதான் ஊத்தினேன்." அதுவும் கலப்புதான். டைல்ஸ் இடுக்கில், ஜல்லடைக்குக் கீழே, கழிப்பறைக் கோப்பையின் வளைவில் தேங்கிய தண்ணீரில் முதல் சரக்கு இருந்துகொண்டே இருக்கும். டாய்லெட் கழுவும் நீலத் திரவம் "ஆசிட்" இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று எழுதியிருக்கும். வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட அமிலம்தான். மூத்திர நாற்றம் அடிக்கும் கோப்பையில் பிளீச்சிங் பவுடரை நேராகக் கொட்டினாலும் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் வாயு வரும். அங்கே முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும்.

எவ்வளவு சேர்ந்தால் ஆபத்து? நாலுக்கு ஆறடி, உயரம் எட்டடி என்று ஒரு பாத்ரூம் எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு சுமார் 5.4 கன மீட்டர். சற்றே குவித்த ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் பிளீச்சிங் பவுடர். நல்ல சரக்கில் 30 விழுக்காடு குளோரின். முழுதும் வெளியேறினால் ஒன்றரை கிராம் வாயு. கதவைச் சாத்திய அந்த அறையில் அது பரவினால் பத்து லட்சம் பங்கு காற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் குளோரின் இருக்கும். தொழிற்சாலைப் பாதுகாப்பில் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் அளவு பத்து பங்கு. ஒரு தேக்கரண்டிக்கே இந்தக் கணக்கு. நம்மவர்கள் பொட்டலத்தைக் கிழித்துத் தூவுகிறார்கள்.

குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம். மேலே இருக்கும் சின்ன வென்டிலேட்டரைத் தேடிப் போகாது, தரையோடு தங்கும். குந்தி உட்கார்ந்து, முகத்தைக் குனிந்து தேய்ப்பவர் அதன் நடுவில் இருக்கிறார். மாஸ்க் போட்டிருந்தேனே என்று சொல்லாதீர்கள். துணி மாஸ்க், சர்ஜிக்கல், என்95 எதுவும் வாயுவைத் தடுக்காது.

நெடி மூக்கைத் துளைத்தால் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். மிச்சத்தைக் கழுவிவிட்டு வரலாம் என்று ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள், கதவைத் திறந்தபடி விடுங்கள். பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ போய் நிமிர்ந்து உட்காருங்கள், படுக்காதீர்கள். தெறித்த துணியைக் கழற்றுங்கள். கண் எரிந்தால் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. ஆஸ்துமாக்காரர் தன் இன்ஹேலரை எடுத்துக்கொள்ளலாம். ஆவி பிடிக்காதீர்கள், பாலைக் குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுகினாலோ, இருமல் அடங்காவிட்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அடங்கிவிட்டாலும் 24 மணி நேரம் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். நிறைய வாயுவை இழுத்தவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். வீட்டில் ஆக்ஸிமீட்டர் இருந்தால் பாருங்கள், ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே இறங்கினால் யோசிக்காமல் வாருங்கள்.

சரி, எப்படித்தான் கழுவுவது? உப்புக்கறைக்கு ஒரு நாள், கிருமிக்கு வேறொரு நாள். கறை நாளில் அமிலத் திரவம் மட்டும். கையுறை, திறந்த கதவு, பத்து நிமிடம் ஊறவிட்டு நிறையத் தண்ணீர். மற்ற நாட்களில் சோப்புத் தண்ணீரே போதும். வீட்டில் தொற்று வந்தவர் தனியாக ஒரு பாத்ரூமைப் பயன்படுத்தினால் மட்டும் பிளீச்சிங் பவுடர் கரைசல்: 10 லிட்டர் வாளித் தண்ணீருக்கு 35 கிராம், மேசைக்கரண்டியில் தட்டையாக மூன்று. வாளியில் தண்ணீரை முதலில் பிடித்து அதில் பவுடரைப் போடுங்கள், பவுடர் மேல் தண்ணீரை அடிக்காதீர்கள். வெந்நீர் கூடாது. தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்துத் தரையில் விட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைத் தரையில் கொட்டாவிட்டால் அந்த வெள்ளைப் படிவே வராது, ஆசிட்டும் தேவைப்படாது. நேற்றுக் கரைத்தது இன்று வீரியம் குறைந்திருக்கும், அன்றன்றைக்குக் கரையுங்கள். ஈரம் பட்டுக் கட்டியான பழைய பொட்டலத்துக்கும் அதே கதிதான்.

கொரோனா பயத்தில் ஆவின் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. தொற்று உள்ள பொருளை ஒருமுறை தொட்டால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. இது காற்றில் பரவும் நோய். கையைக் கழுவுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கொசு வலை அடித்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காயை டெட்டாலில் ஊறவைக்காதீர்கள். ஆட்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே அறிவித்தது, ஆனாலும் கடைக்குப் போய்வந்த அப்பாவை வாசலில் நிறுத்தி ஸ்பிரே அடிக்கும் வீடுகள் 2021-இலும் இருந்தன. அவர் கண்தான் கெடும்.

சானிடைசர் சமையலறைக்கு வேண்டவே வேண்டாம். அது 70, 80 விழுக்காடு ஆல்கஹால். 22 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியைக் கிளப்பும். நம் சமையலறை டிசம்பர் மாதத்திலும் அதைவிடச் சூடு. எரிவது வெளிர்நீலச் சுடர், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. கையில் தடவிக் காய்வதற்குள் அடுப்பைப் பற்றவைப்பது, பூஜை அறையில் கற்பூரம் ஏற்றுவது, ஐந்து லிட்டர் கேனிலிருந்து சின்னப் பாட்டிலுக்கு அடுப்பு மேடையில் வைத்து ஊற்றுவது, இந்த மூன்றிலும்தான் நைட்டி பற்றிக்கொள்கிறது. சமையலறையில் குழாயும் சோப்பும் இருக்கின்றன, அவை போதும். பற்றிவிட்டால் ஓடாதீர்கள், தரையில் விழுந்து உருளுங்கள். பிறகு ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். பற்பசை, இங்க், மஞ்சள், தோசை மாவு எதுவும் பூசாதீர்கள். புண் எவ்வளவு ஆழம் என்று பார்க்க முதலில் அந்த மாவைத்தான் நாங்கள் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. சுரண்டும்போது கத்துவது உங்கள் பிள்ளை.

ஆவி பிடிப்பதும் அப்படித்தான். கொதிக்கும் பாத்திரத்தைக் கட்டில் மேல் வைத்து, போர்வைக்குள் குழந்தையையும் இழுத்துக்கொள்ளும் பழக்கம் 2021 மே மாதம் உச்சத்துக்குப் போனது. ஆவி வைரஸைக் கொல்லாது. மூக்கடைப்பு கொஞ்சம் இளகும், அவ்வளவே. பொது இடங்களில் ஆவி பிடிக்க வேண்டாம் என்று அப்போது சுகாதார அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியனே கேட்டுக்கொண்டார். பெரியவர்கள் பிடித்தே தீருவேன் என்றால் பாத்திரம் மேசை மேல், அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிடம் கழித்து. குழந்தைக்கு வேண்டாம், தயவுசெய்து.

கடைசியாக, தெருவில் சைக்கிளில் வரும் "ஆசிட், பினாயில்" வியாபாரியிடம் வாங்குவது. அவரிடம் குற்றம் காண வரவில்லை. ஆனால் அந்தத் திரவம் வருவது பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில், லேபிள் கிடையாது, எத்தனை விழுக்காடு என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் விட்ட பினாயில் மோர் மாதிரியே இருக்கும். வீட்டுக்குள் பிள்ளைகள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். வாங்கிய அன்றே பாட்டிலின் மேல் மார்க்கரில் பெரிதாக எழுதி, பூட்டு உள்ள அலமாரியில், பிளீச்சிங் பவுடருக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். சிங்குக்கு அடியில் வைக்காதீர்கள். தவழும் குழந்தையின் கைக்கு அது முதல் அலமாரி.

குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் என்றால் மேலே வரும்போது உணவுக்குழாயை இன்னொரு முறை வேகவைக்கும், பினாயில் என்றால் நுரையீரலுக்குள் இறங்கும். வாயைக் கொப்பளிக்க வையுங்கள், வேறு எதுவும் கொடுக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வரும்போது அந்தப் பாட்டிலையும் எடுத்து வாருங்கள், மூடியை இறுக்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு.