வானத்தில் மர்ம ஒளியா? முதலில் மணியைப் பாருங்கள்

மழை விட்டு வானம் வெளுக்கும் நாட்களில் எனக்கு போன் அதிகம் வரும். அறிவியல் மையம் ஒன்றில் பொதுமக்களுக்கு வானத்தைக் காட்டி விளக்குவது என் வேலை. "சார், பறக்கும் தட்டு மாதிரி ஒண்ணு பாத்தோம், வீடியோ அனுப்பியிருக்கேன்" என்பார்கள். வீடியோவைத் திறப்பதற்கு முன்னால் நான் கேட்பது இவைதான்: எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு நேரம் தெரிந்தது? இந்த மூன்றும் சரியாகக் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் வீடியோவே தேவைப்படாது. கிடைக்காவிட்டால் எவ்வளவு நல்ல வீடியோவாலும் பயனில்லை.

ஒரு நவம்பர் மாதக் கடைசியில், இரவு பத்து மணிவாக்கில், திண்டுக்கல் பக்கமிருந்து ஓர் அம்மா அழைத்தார்.

"சார், கிழக்க ஒரு லைட்டு. சிவப்பு, பச்சை, நீலம்னு மாறி மாறி அடிக்குது. ஒரு மணி நேரமா அங்கேயே நிக்குது. யாராவது ட்ரோன் விட்டு வேவு பாக்குறாங்களோன்னு பயமா இருக்கு."

"எவ்வளவு உயரத்துல இருக்கும்மா?"

"பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்குக்குக் கொஞ்சம் மேல."

"முதல்ல பாக்கும்போதும் அங்கதான் இருந்துச்சா?"

கொஞ்சம் யோசித்தார். "இல்ல சார், அப்ப டேங்கு ஓரமா கீழ இருந்துச்சு."

"அதுக்கு மேல மூணு நட்சத்திரம் ஒரே வரிசையா நிக்குதான்னு பாருங்க."

"ஆமா சார், நிக்குது!"

அந்த மூன்றும் ஓரியன் என்னும் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப்பட்டை. அந்த வரிசையை அப்படியே கீழே இழுத்தால் வந்து நிற்பது சிரியஸ், இரவு வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம். அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது அதன் ஒளி மிகத் தடிமனான காற்றைக் கடந்து நம் கண்ணுக்கு வருகிறது. காற்றின் அலைச்சல் அந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து நொடிக்கு நொடி ஆட்டுகிறது. மேலே ஏற ஏற அந்த வர்ணஜாலம் அடங்கிவிடும். சாதாரண ட்ரோனின் பேட்டரி அரை மணி நேரம் தாங்குவதே பெரிது, ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்காது. மறுநாள் அதே நேரம் அதே டேங்குக்கு மேலே பார்க்கச் சொன்னேன். நட்சத்திரம் என்றால் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வந்துவிடும். இந்தக் கணக்கை மீறும் நட்சத்திரம் கிடையாது, இதற்குக் கட்டுப்படும் ட்ரோனும் கிடையாது.

படிக்காதவர்கள்தான் இப்படிப் பயப்படுவார்கள் என்று நினைக்க வேண்டாம். லடாக்கில் பாங்காங் ஏரிப் பகுதியில் காவலிருந்த நம் ராணுவ வீரர்கள், 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை 329 முறை அடையாளம் தெரியாத ஒளிகளைக் கண்டதாகக் குறித்து வைத்திருந்தார்கள். சீனாவின் உளவு விமானமோ என்ற சந்தேகம். பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் மைய விஞ்ஞானிகளிடம் விஷயம் போனது. நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அந்த ஒளிகள் நகரும் விதத்தைப் பார்த்ததும் விடை கிடைத்தது: ஒன்று வியாழன், மற்றது வெள்ளி. உயரமான இடம், மெல்லிய காற்று, ஊர் வெளிச்சமே இல்லாத இருட்டு எல்லாம் சேர்ந்து கோள்களை மிகப் பிரகாசமாகக் காட்டியிருக்கின்றன. அந்த வீரர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் நேரத்தையும் திசையையும் ஒழுங்காக எழுதி வைத்ததால்தான் முடிச்சு அவிழ்ந்தது.

எனக்கு வரும் அழைப்புகளிலும் வெள்ளிக்குத்தான் முதலிடம். வெள்ளி சூரியனை விட்டு சுமார் 47 டிகிரிக்கு மேல் விலகாது. ஆகவே மாலையில் மேற்கில் அல்லது விடியலில் கிழக்கில்தான் தெரியும். நம் ஊரில் நடுநிசியில் உச்சியில் ஒன்றைப் பார்த்தேன் என்றால் அது வெள்ளி இல்லை, வேறு எதையாவது தேட வேண்டும். "அது மெல்ல ஆடுது சார்" என்பார்கள். இருட்டில் ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் எவர் கண்ணுக்கும் அது அசைவதுபோல் தோன்றும். ஒரு கரன்ட் கம்பத்தின் ஓரத்தில் தலையைச் சாய்த்து அண்டைகொடுத்து, அந்த ஒளியைக் கம்பத்து விளிம்போடு ஒட்டிவைத்துப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிடும்.

நகரும் ஒளிகள் தனிக் கதை. மினுக்காமல், சத்தமில்லாமல், ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடந்து போனால் பெரும்பாலும் சர்வதேச விண்வெளி நிலையம் அல்லது வேறொரு செயற்கைக்கோள். ஒரே கோட்டில் முத்து கோத்ததுபோல் வரிசையாகப் போனால் ஸ்டார்லிங்க், அதாவது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் இணையச் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதத்தில் முதன்முதலாக 60 செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் அனுப்பினார்கள். அன்று தொடங்கி, ஏவிய சில நாட்களுக்கு அந்த வரிசை உலகெங்கும் மக்களைத் திகைக்க வைக்கிறது. பிறகு அவை மேலே ஏறிப் பரவி மங்கிவிடும். "பாதி வானத்துல திடீர்னு மறைஞ்சிடுச்சு" என்பதுதான் எல்லோரையும் மிரட்டும் விஷயம். உண்மையில் அதுதான் துப்பு. தரையில் இருட்டிவிட்டாலும் முந்நூறு நானூறு கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கிறது. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் விளக்கை அணைத்ததுபோல் காணாமல் போகின்றன. அதனால்தான் மாலை இருட்டிய முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலும் விடிவதற்கு முன்பும் இவை அதிகம் தென்படுகின்றன.

ராக்கெட் புகை வானத்தில் ஒளிர்வதற்கும் இதே வெயில்தான் காரணம். 2022 டிசம்பர் 15 அன்று மாலை ஒடிசாவின் அப்துல் கலாம் தீவிலிருந்து அக்னி-5 ஏவுகணையைச் சோதித்தார்கள். மேற்கு வங்கத்தில் கொல்கத்தா வரை ஜனங்கள் தெருவில் நின்று, கூம்புபோல் விரிந்த ஒளியைப் படம் பிடித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் தெரிந்தது வேறு வகை: பல துண்டுகளாக உடைந்து, எரிந்துகொண்டே, நிதானமாகக் கடந்தது. எரிகல் என்று முதலில் பேச்சு. ஆனால் எரிகல் பெரும்பாலும் ஒன்றிரண்டு நொடியில் முடிந்துவிடும். அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நீடித்தால் பூமிக்குத் திரும்பும் ராக்கெட் பாகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். இது சீன ராக்கெட் ஒன்றின் மிச்சம் என்று வல்லுநர்கள் கணித்தார்கள். சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பெரிய உலோக வளையமே விழுந்து கிடந்தது. இப்படி எதுவும் கண்ணில் பட்டால் தொடாதீர்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள், காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். எரிபொருளின் நச்சு மிச்சம் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு.

நம் கைவேலையும் நிறைய உண்டு. திருவிழாவிலும் கல்யாண மண்டப வாசலிலும் சுழலும் ஸ்கை ட்ராக்கர் விளக்கு, மேகத்தில் வட்டமாக விழுந்து ஓடும். மேகம் இல்லாத இரவில் அந்த "தட்டு" வராது. சென்னையில் கடல் பக்கமிருந்து இறங்க வரும் விமானம் நேராக நம்மை நோக்கி வந்தால், அதன் முன்விளக்கு பல நிமிடம் அசையாமல் தொங்குவதுபோல் இருக்கும். அதன்மீது லேசர் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. விமானியின் கண்ணைக் கூசவைக்கும் வேலை அது, குற்றமும்கூட.

அந்த வீடியோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போனில் முழு ஜூம் வைத்து நட்சத்திரத்தைப் பிடித்தால் ஃபோகஸ் தப்பி, நடுவில் நெளியும் கோடுகளோடு ஒரு வட்டு கிடைக்கும். அது லென்ஸின் படம், வானத்தின் படம் அல்ல. தெருவிளக்கும் சட்டகத்துக்குள் இருந்தால், அதன் எதிரொளி படத்தின் நடுப்புள்ளிக்கு எதிர்ப்புறத்தில் பச்சையாக மிதக்கும். போனை அசைத்துப் பாருங்கள், கூடவே அதுவும் ஓடும்.

எல்லாவற்றுக்கும் விடை உண்டு என்று நான் சொல்லவில்லை. பறக்கும் தட்டுப் புகார்களை ஆராய அமெரிக்க விமானப்படை 1969 வரை நடத்திய புளூ புக் திட்டத்தில் 12,618 புகார்களில் 701 விடைகாணாமல் நின்றன. என்னிடமும் சில நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் எனக்குக் கிடைத்த தகவல் "போன வாரம் ஒரு நாள் ராத்திரி" என்பதுதான்.

ஆகவே அடுத்த முறை ஏதாவது தெரிந்தால் முதலில் மணியைப் பாருங்கள். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று எண்ணுங்கள். "ரெண்டு கிலோமீட்டர் தூரத்துல இருந்துச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள், இருட்டில் ஒற்றை ஒளியின் தூரத்தைக் கண்ணால் அளக்க யாராலும் முடியாது. ஸ்டெல்லேரியம் செயலியில் உங்கள் ஊரையும் நேரத்தையும் போட்டால் கோளும் நட்சத்திரமும் வந்துவிடும். செயற்கைக்கோளுக்கு ஹெவன்ஸ் அபவ் இணையதளம். இரண்டிலும் சிக்காவிட்டால் எனக்கு அனுப்புங்கள், ஊர், தேதி, மணி, திசையோடு. பல கைமாறி வந்த ஃபார்வர்டு வீடியோவை நான் திறப்பதில்லை.