ட்ரம் சேண்டருக்குப் பெட்டிப் பேப்பரும் வேண்டாம், ஒட்டுப் பேப்பரும் வேண்டாம்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. கொட்டகலைப் பக்கத்துத் தம்பி ஒருவர், பலாப் பலகை ஒன்றைச் சாக்கில் சுற்றி த்ரீவீலரில் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கினார். "பாஸ், இதைக் காப்பாத்த ஏலுமா பாருங்க" என்றார். மேசைக்கான மேற்பலகை. ட்ரம் சேண்டரில், அதாவது சேண்ட் பேப்பர் பட்டி சுற்றிய உருளை சுழன்று பலகையைத் தேய்க்கும் மெஷினில், விட்டெடுத்தது. நடுவில் விரலகலத்துக்கு மூன்று கருகல் கோடுகள். ஒரு ஓரத்தில் உளி வைத்துத் தோண்டியது போல ஒரு பள்ளம். மோந்து பார்த்தால் சுட்ட பலாக்கொட்டை வாசம். கையிலிருந்த பையில் கிழிந்த சேண்ட் பேப்பர் சுருண்டு கிடந்தது. கறுப்பு நிறம், கடதாசி முதுகு. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வோட்டர் பேப்பர்! "ஷீட்டை வெட்டி, கொன்டாக்ட் பசை போட்டு ட்ரம்மில ஒட்டினேன் பாஸ். அளவா வெட்டின பட்டி வரும் கம்பனிப் பெட்டி வாங்கக் காசில்ல."

காசில்லை என்பது எனக்கு விளங்காததல்ல. 2022 மார்ச்சில் ரூபாயைச் சந்தைப் போக்கில் விட்டார்கள். 200 ரூபாயில் நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 360 வரை ஏறியது. மெஷினோடு வந்த பெட்டி தீர்ந்த நாளில் கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு நானும் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தவன்தான். ஆனால் அதற்குப் பதில் வோட்டர் பேப்பரும் பசையும் அல்ல.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது வேறொன்று. "இந்த மெஷினுக்கு இந்தக் கம்பனிப் பேப்பர்தான் போடணும்" என்று எல்லோரும் நம்புகிறார்கள். யார் சொன்னது? ட்ரம்முக்குப் பெயர் வாசிக்கத் தெரியாது. அது கேட்பது நான்கே விஷயம்: பட்டியின் அகலம், முனை வெட்டிய சாய்வு, முதுகுத் துணியின் கனம், மணலின் நம்பர் (நம்பர் கூடக் கூட மணல் பொடி). இந்த நான்கும் சரியென்றால் எந்த நாட்டு ரோலையும் அது ஏற்றுக்கொள்ளும். பெட்டியில் வருவதும் பெரிய ரோலில் வெட்டிய துண்டுதான். நீங்கள் காசு கொடுப்பது அந்த வெட்டுக்கும் அச்சடித்த அட்டைக்கும். இதை நம்பாதவர்கள்தான் பெட்டிக்குக் காசில்லாத நாளில் நேரே மறுகோடிக்குப் போய், கையில் கிடைத்ததை ஒட்டுகிறார்கள். நடுவில் ஒரு வழி இருப்பதே கண்ணில் படுவதில்லை.

கேட்க வேண்டியது துணி முதுகுள்ள அலுமினியம் ஒக்சைட் ரோல். முதுகில் 'பி80', 'பி120' என்று அச்சிருக்கும். துணியின் கனத்துக்கு எக்ஸ், ஜே என்று எழுத்துப் போடுவார்கள். எக்ஸ் தடித்தது, நமக்கு அதுதான். ஜே வளைவான இடங்களைக் கையால் தேய்க்க நல்லது, ட்ரம்மில் இழுபட்டுத் தொங்கும். மரத்துக்கென்று கேட்டால் மணல் கொஞ்சம் இடைவிட்டு ஒட்டிய ரகம் தருவார்கள். அந்த இடைவெளியால்தான் தூள் வெளியே போகும். வோட்டர் பேப்பரில் மணல் நெருக்கம், மரத்தூள் போக வழியில்லை. அடைத்த பேப்பர் அறுக்காது, சூடேற்றும். தம்பியின் பலகையில் இருந்த கருகல் அதுதான். சாதாரணக் கடதாசி முதுகுக்கு நம்ம ஊர் ஈரமும் ஆகாது. மே மாதம் மழை தொடங்கிவிட்டால் அலுமாரிக்குள் இருந்தபடியே சுருளும்.

எங்கே வாங்குவது? ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஹார்ட்வெயார் கடைகளில் ஷீட்டாகத்தான் கிடைக்கும். ரோலுக்குக் கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஏறி இறங்க வேண்டும், அல்லது மொரட்டுவையில் தளபாடப் பட்டறைகளுக்குச் சாமான் கொடுக்கும் கடைகளில் கேட்க வேண்டும். பெரிய தொழிற்சாலைகளில் ஓரம் கிழிந்தால் கழித்துவிடும் அகலப் பெல்ட்களும் உண்டு. நடுப்பகுதி நன்றாக இருந்தால் அதிலும் பட்டி வெட்டலாம். மூட்டு வரும் இடத்தை மட்டும் தள்ளிவிடுங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 16 அங்குல நீளம், 5 அங்குல விட்டமுள்ள ட்ரம், 3 அங்குலப் பட்டி. முனைக்கு முனை ஏறத்தாழ இரண்டரை மீட்டர் வரும். இரண்டு முனைச் சாய்வும் ஒரே பக்கமாகச் சரிவதால், ஒன்றை வெட்டிய சாய்விலிருந்தே அடுத்தது தொடங்கும். ரோலில் உண்மையாகச் செலவாவது ஒரு பட்டிக்கு 2.13 மீட்டர்தான். 50 மீட்டர் ரோலில் 23 பட்டி. ஒரு பட்டறைக்கு அது அதிகம் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் நாங்கள் நாலு பேர் சீட்டுப் பிடிப்பது போலக் காசு சேர்த்து, ஒருவர் 80, ஒருவர் 120 என்று எடுத்துப் பிரித்துக்கொள்கிறோம். 36, 60 எல்லாம் வாங்கி அடுக்க வேண்டாம். அந்த வேலைக்கு இழைக்கும் மெஷினான பிளேனர் இருக்கிறது. 220ஐ ட்ரம்மில் போட்டுவிட்டுக் கருகுது என்று என்னிடம் வரவும் வேண்டாம்.

வெட்டுவதற்கு அளவுகோல் தேட வேண்டாம். பழைய பட்டியைத் தூக்கி எறியாமல் இருந்தால் போதும். பலகையில் ரோலைக் குப்புறப் போட்டு, பழையதைக் குப்புறவே மேலே வைத்துக் கோடிழுத்து, துணிப் பக்கத்திலிருந்து கத்தியால் வெட்டுங்கள். மணல் பக்கம் வெட்டினால் பிளேடும் போய்விடும், ஓரமும் உதிரும். ட்ரம்மில் சுருளாகச் சுற்றும்போது ஓரத்தின் மேல் ஓரம் ஏறக்கூடாது. ஏறிய இடம்தான் பலகையில் கோடாக விழும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் ஒன்றும் குடிமுழுகாது. புதுப் பட்டி சூட்டில் கொஞ்சம் நீளும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள்.

பசை வேண்டவே வேண்டாம், பட்டியின் முனைகளை ட்ரம்மிலுள்ள கிளிப்பே பிடித்துக்கொள்ளும். கொன்டாக்ட் பசை சூட்டில் இளகும். தம்பிக்கு நடந்தது அதுதான்: பட்டி பாதியில் கழன்று, பலகைக்கும் ட்ரம்முக்கும் நடுவில் மடிந்து, பலகையைத் தோண்டியிருக்கிறது. அவர் இழுத்தெடுக்கக் கையை நீட்டினாராம், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே. இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டி மாற்றும்போது சுவிட்ச்சை அணைத்தால் போதாது, ப்ளக்கைப் பிடுங்குங்கள். கரண்ட் போய் வரும் ஊர் இது. சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் நிற்காதீர்கள். கையுறையும் வேண்டாம். மூக்குக்கு மாஸ்க் போடுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் நிறுவனம் 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. கெஞ்சிக் கேட்கிறேன், இதை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள்.

இருக்கிற பட்டியை நீடிக்க வைப்பதும் காசுதான். 80 நம்பரில்கூட ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் இறக்காதீர்கள். எல்லாப் பலகையையும் நடுவிலேயே விடாமல் இடம், வலம் மாற்றி விடுங்கள். பைனஸ் (பைன் மரம்) பலகையில் பிசின் ஏறிப் பட்டி கித்துள் கருப்பட்டி போல மினுங்கும். அதற்குக் கடையில் துப்புரவுக் கட்டி என்று விற்பது ரப்பர் பாலில் செய்யும் வெறும் கிரேப் ரப்பர். கேகாலைப் பக்கம் கிரேப் ரப்பர் தொழிற்சாலையில் வேலை செய்யும் சொந்தக்காரர் யாருக்காவது இருந்தால் ஒரு கழிவுத் துண்டு கேளுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, தூள் உறிஞ்சும் குழாயை ஓடவிட்டு, சுற்றும் ட்ரம்மில் மெல்லத் தொட்டால் தூளை உருட்டி எடுத்துவிடும். அதற்கும் அசையாத பிசின் என்றால் பட்டியைக் கழற்றிச் சலவைத்தூள் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேயுங்கள். துணி முதுகு இதைத் தாங்கும், சாதாரணக் கடதாசி முதுகு தாங்காது. நுவரெலியாப் பக்கம் காய இரண்டு நாளாகும், அடுப்படியில் தொங்கவிட்டு வீட்டம்மாவிடம் ஏச்சு வாங்காதீர்கள்.

தம்பியின் பலகையை இரண்டு மில்லிமீட்டர் இறக்கிக் கருகலை எடுத்தாயிற்று. பள்ளம் போகவில்லை, அந்த ஓரத்தை வெட்டிவிட்டு மேசையைச் சிறிதாக்கினோம். அடுத்த மாதம் ரோல் எடுக்கக் கொழும்பு போகிறோம். சேர விரும்புகிறவர்கள் அளவு சொல்லிப் போன் எடுக்காதீர்கள். பழைய பட்டியைக் கையோடு கொண்டு வாருங்கள்.