பியாஃப்ராவின் விமானங்கள்: பகிர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

மறுபடியும் அதே படம், அதே வரி: "ஐந்து பொம்மை விமானங்கள் ஏவுகணை வீசி நைஜீரிய விமானப்படையையே அழித்தன." நைஜீரியாவிலிருந்து பிரிந்து 1967-70இல் அதனுடன் போரிட்ட பியாஃப்ராவின் சிறு விமானங்களைப் பற்றிய பேச்சு இது. தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள்.

அது ஏவுகணை அல்ல, 68 மி.மீ. ராக்கெட். தானாகத் திசை திருப்பிக்கொள்ளும் கருவி எதுவும் அதில் கிடையாது. விமானி விமானத்தின் மூக்கையே இலக்குக்கு நேராகப் பிடித்து, நெருங்கிப் போய்ச் சுட வேண்டும். மூக்கு ஒரு டிகிரி விலகினால் 500 மீட்டர் தூரத்தில் ராக்கெட் 8, 9 மீட்டர் தள்ளி விழும். ஏவுகணை என்று எழுதும்போது அந்த விமானி பட்ட பாடு மொத்தமும் மறைந்துபோகிறது.

பொம்மையும் அல்ல. எம்.எஃப்.ஐ.-9பி, ஸ்வீடனில் செய்த இருவர் அமரும் சிறு விமானம்; எஞ்சின் 100 குதிரைத்திறன். இறக்கையில் ஆயுதம் மாட்டும் ராணுவப் பயிற்சி ரகமும் அதில் உண்டு. ஆப்பிரிக்க நாடான காபோனில் பச்சை கார் பெயின்ட் அடித்து, இறக்கைக்கு ஆறு வீதம் 12 ராக்கெட் மாட்டினார்கள். வெற்று எடை சுமார் 340 கிலோதான். எரிபொருளும் ராக்கெட்டும் ஏறியபின் இரண்டாவது ஆளுக்கு எடை எங்கே மிஞ்சும்?

1969 மே 22 அன்று நைஜீரியர் வசமிருந்த போர்ட் ஹார்கோர்ட் விமான நிலையம் தாக்கப்பட்டது. அடுத்த நாட்களில் பெனின் நகரம், எனுகு. ஓட்டியவர்கள் கார்ல் குஸ்தாவ் ஃபான் ரோசென் உட்பட 3 ஸ்வீடன்காரர்கள், 2 பியாஃப்ரா விமானிகள். மர உச்சி உயரத்தில் வந்ததும், எதிரி விமானங்கள் தரையில் நின்றதும்தான் கைகொடுத்தன. சேதக் கணக்கை இரு தரப்பும் வேறுவேறாகச் சொன்னார்கள். நைஜீரிய விமானப்படையோ போர் முடியும்வரை பறந்துகொண்டிருந்தது.

வாங்கிவிட்டாலே விமானப்படை ஆகிவிடாது. 1967இல் பியாஃப்ராவுக்கு வந்த பி-26 குண்டுவீச்சு விமானங்களையே பாருங்கள். ஒன்றை ஓட்டி வந்தவர் இரண்டாம் உலகப்போரின் புகழ்பெற்ற போலந்து விமானி யான் சும்பாக். ஓர் எஞ்சினுக்கு 18 சிலிண்டர், சிலிண்டருக்கு 2 ஸ்பார்க் பிளக். இரண்டு எஞ்சினுக்கும் சேர்த்து 72 பிளக். நைஜீரியாவின் முற்றுகைக்குள் உதிரிபாகத்துக்கு எங்கே போவது? இப்படிப்பட்டவை தரையில்தான் சாகும். விமானப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படம் கிடைத்தால் இறக்கையைப் பாருங்கள். எம்.எஃப்.ஐ.-9இன் இறக்கை தோள்மட்டத்தில் இருக்கும், லேசாக முன்பக்கம் சாய்ந்திருக்கும். ஜெர்மனியின் போல்கோ ஜூனியர் அச்சு அசலாக அப்படியே இருக்கும், ஏனென்றால் அதே வடிவமைப்பை உரிமம் வாங்கிச் செய்ததுதான் அது. பாகிஸ்தானின் முஷ்ஷாக் இதே வழியில் வந்தது, ஆனால் பெரியது. ராக்கெட் குழாயும் பச்சைப் பூச்சும் இல்லாத படத்துக்குப் பியாஃப்ரா என்று பெயர் வைக்காதீர்கள்.