போட்டோபீரியடிசம்: ஒளிக்காலத்துவமா, பகலளவு உணர்வா?

பகல் எவ்வளவு நீளம், இரவு எவ்வளவு நீளம் என்று அளந்து, அதற்கேற்ப உயிர்கள் உடலை மாற்றிக்கொள்வதுதான் போட்டோபீரியடிசம். 'போட்டோ' என்றால் கிரேக்கத்தில் ஒளி, 'பீரியட்' காலச்சுற்று. அமெரிக்க வேளாண் துறையில் புகையிலையும் சோயாவும் பூப்பதை ஆராய்ந்த கார்னரும் அல்லார்டும் 1920இல் உருவாக்கிய சொல் இது. நம் பாடநூல்களில் ஒளிக்காலத்துவம். செடிகளில் பிறந்ததாலோ என்னவோ, பலருக்கும் இது தாவரவியல் பாடத்தோடு நின்றுவிட்டது.

விலங்குகளில் இது இன்னும் சுவையானது. கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன் என்பவர் ஜங்கோ என்ற சிறு குருவிகளைத் திறந்தவெளிக் கூண்டில் அடைத்து, மாலையில் மின்விளக்கு போட்டுப் பகலைச் சிறிது சிறிதாக நீட்டினார். கடுங்குளிர்காலம்தான். ஆனாலும் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தத்தில் வளர்வதுபோல் வளர்ந்துவிட்டன! குருவிக்குப் பருவத்தைச் சொன்னது வெப்பமல்ல, வெளிச்சம். 1925இல் இதை வெளியிட்டார்.

சரி, எப்படி அளக்கிறது? பாலூட்டிகளில் கண்ணில் விழும் ஒளி மூளையின் ஹைப்போதலாமஸில் உள்ள நாள் கடிகாரத்துக்குப் போகிறது. அதன் சொற்படி மூளையிலுள்ள பீனியல் சுரப்பி இரவில் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இரவு நீண்டால் சுரப்பும் நீளும். உடல் அதை வைத்துப் பருவத்தை அறிகிறது. அளக்கும் கடிகாரமும் மாறாமல் இருப்பதில்லை. எலி, வெள்ளெலி போன்றவற்றில், குறுகிய பகலில் அந்தக் கடிகாரச் செல்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் செயல்பாட்டின் உச்சம் தொடுகின்றன. நீண்ட பகலில் அந்த உச்சங்கள் செல்லுக்குச் செல் நேரம் தள்ளித் தள்ளி வருகின்றன.

இந்த இடத்தில்தான் சொற்குழப்பம் வருகிறது. 'சர்க்காடியன்' வேறு சொல். லத்தீனில் 'சர்க்கா' ஏறத்தாழ, 'டியஸ்' நாள். ஃபிரான்ஸ் ஹால்பெர்க் என்ற ஆய்வாளர் 1959இல் தந்தது. அது அன்றாட ஒழுங்கு, இது பருவ உணர்வு. இரண்டையும் 'உயிரியல் கடிகாரம்' என்று ஒரே பெயரில் அடக்குவது சரியல்ல. சர்க்காடியனை 'நாளொழுங்கு' என்னலாம்.

போட்டோபீரியடிசத்துக்கு ஒளிக்காலத்துவத்தைவிட 'பகலளவு உணர்வு' எனக்குப் பிடித்திருக்கிறது. சொன்னதும் புரிகிறது, வாக்கியத்திலும் இயல்பாக உட்காருகிறது: பகலளவு குறையும்போது குளிர்நாட்டுச் செம்மறி ஆடு இணைசேரும்; ஐந்து மாதம் கழித்து, புல் துளிர்க்கும்போது குட்டி போடும். அதனால் அது குறும்பகல் விலங்கு. பதினொரு மாதம் சுமக்கும் குதிரை, பகலளவு கூடும்போது இணைசேர்ந்து அடுத்த வசந்தத்தில் ஈனுகிறது. அது நெடும்பகல் விலங்கு.