ஏற்காடு போனால் கொஞ்சம் காரை விட்டு இறங்குங்கள்

சேலத்தில் பிசியோதெரபி பார்க்கும் என்னிடம், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நாளெல்லாம் குனிந்து வெள்ளிக் கொலுசு பற்றவைப்பவர்களும், வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்களும் தவறாமல் வருவார்கள். "ஞாயித்துக்கிழமை ஏற்காடு போய் வந்தோம் மேடம், மனசு லேசாச்சு, கழுத்துதான் அப்படியே இருக்கு" என்பார்கள். இருக்காதா பின்னே? 20 கொண்டை ஊசி வளைவுகளையும் உட்கார்ந்தபடியே ஏறி, லேடீஸ் சீட்டில் போட்டோ எடுத்து, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்று, திரும்பவும் உட்கார்ந்தபடியே இறங்கினால் உடம்புக்கு மலை ஏறியதே தெரியாது.

இப்போது "பழங்குடி தியானம்", "மண்ணோடு இணையும் நடை" என்று விளம்பரங்கள் வேறு வருகின்றன. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளி மக்கள். கேரளத்துக்காரர்கள் அல்லர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் தமிழர்கள். அவர்களில் யாரும் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர்களின் கவனமெல்லாம் வேலைக்குள் இருக்கிறது. நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் அதைத்தான்; தலையில் இறகு செருகிக்கொள்வதை அல்ல.

காப்பிப் பழம் பறிக்கும் அக்காக்களைப் பாருங்கள். இடுப்பில் பை, சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. ஒரே கொத்தில் பச்சையும் சிவப்பும் கலந்திருக்கும். விரல் சிவப்பை மட்டும் திருகி எடுக்கும், பச்சை அசையாது. இதற்கிடையே பாதம் தன் பாட்டுக்கு அடுத்த பிடிமானத்தைத் தேடிக்கொண்டிருக்கும். இறங்கும்போது முழங்காலை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக, செங்குத்தான இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக வருவார்கள். நாமோ நேராக, காலை விறைத்துக்கொண்டு இறங்குகிறோம். அதிர்ச்சி முழுவதும் மூட்டுக்குப் போகிறது.

நாம் விழாமல் நிற்க மூளைக்கு மூன்று வழியில் தகவல் போகிறது: கண், உள்காது, அப்புறம் பாதத்தோலும் தசையும் மூட்டும். டைல்ஸ் தரையிலேயே நடக்கும் பாதத்துக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. மேடு பள்ளமான மண்ணில் நடந்தால் அந்த மூன்றாவது வழிக்கு நல்ல பயிற்சி. வயதானபின் தடுக்கி விழுவதைக் குறைக்க நாங்கள் கிளினிக்கில் தரும் பயிற்சிகளிலும் பாதி இந்த வேலைதான்.

சரி, என்ன செய்யலாம்? வண்டி வராத ஒரு மண்பாதையில் பத்து நிமிடம் போதும். போன் பைக்குள். முதலில் சும்மா நின்று எடை குதிகாலிலா, முன்பாதத்திலா என்று கவனியுங்கள். பிறகு மெதுவாக நடங்கள்: மண் ஈரமா, சரளையா, சருகு வழுக்குகிறதா? மனம் ஆபீசுக்கு ஓடும், ஓடட்டும். அடுத்த அடியில் திரும்பக் கூட்டிவாருங்கள். பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். களையெடுப்பவர்கள் போலக் குந்தி உட்கார முடிந்தால் ஒரு நிமிடம் உட்காருங்கள். மூட்டுத் தேய்மானமோ மூட்டு மாற்று அறுவையோ இருந்தால் வேண்டாம், ஒரு பாறைமேல் உட்கார்ந்தால் போதும். இறங்கிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடையின் முன்பக்கம் வலித்தால் பயப்படாதீர்கள். நீண்டுகொண்டே இழுத்துப்பிடித்த தசையின் வலி அது. முழங்கால் வீங்கினால் மட்டும் காட்டுங்கள்.

செருப்பைக் கழற்றுவது பற்றி எல்லோரும் ஆசையாகக் கேட்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் கழற்றவே கூடாது. மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் வளையும்வரை அழுத்தும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் சோதனை ஒன்று இருக்கிறது. சில நிமிட வேலைதான். அதில் தொடுதல் தெரியாதவருக்கு முள் குத்தினாலும் தெரியாது, வெயிலில் காய்ந்த கல் சுட்டாலும் தெரியாது. சின்னப் புண்ணாக ஆரம்பித்து விரலை எடுக்கும்வரை போன கதைகள் எங்களிடம் உண்டு. மற்றவர்களும் அசுத்தமான ஈரமண்ணில் வெறுங்காலோடு நடக்கவேண்டாம். கொக்கிப்புழு தோல்வழியே புகும்.

சேர்வராயன் குகைக் கோயிலில் செருப்பில்லாமல் நிற்பது வேறு விஷயம். அங்கே மலையின் பெயரே சாமியின் பெயர், பக்கத்தில் காவேரி அம்மன். அது மலையாளி மக்கள் கும்பிடும் இடம், நம் யோகாசன போட்டோவுக்கான இடம் அல்ல. மண்ணோடு இணைவது பற்றிப் பேசும் நாம் இன்னொன்றையும் நினைக்கவேண்டும்: காட்டில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுக்கு அந்த மண்மேல் உள்ள உரிமையை ஏற்கவே 2006-இல் தனியாக ஒரு வன உரிமைச் சட்டம் போடவேண்டியிருந்தது.

ஆகவே கேட்காமல் தோட்டத்துக்குள் நுழையாதீர்கள். ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்தால் பேரம் பேசாமல் ஒருநாள் கூலி கொடுங்கள். காட்டெருமை நடமாட்டம் உண்டு என்பதால், விடியற்காலையிலும் இருட்டும் நேரத்திலும் நடப்பதை அவர் வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள்.