'-ஹெச்டிஏ' முதல் ஜேசான் வரை: ஒரு மெய்நிகர் கணினியின் ஆப்ஷன்கள்

லினக்ஸ் சர்வரில் மெய்நிகர் கணினிகளை ஓட்டுகிறவர்கள் என்றாவது ஒருநாள், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' கட்டளை கொடுத்துப் பார்த்து மலைத்திருப்பார்கள். கியூஎமு என்று தொடங்கும் ஒரே ஒரு கட்டளை திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். நினைவகம் எவ்வளவு, சிபியு எத்தனை, டிஸ்க் எந்தக் கோப்பில் இருக்கிறது, நெட்வொர்க் கார்டு எந்த பிசிஐ ஸ்லாட்டில் செருகியிருக்கிறது என்று ஓடிக்கொண்டே போகும். நடுநடுவே சுருள் அடைப்புக்குறிகள் வேறு. ஆனால் அதே மென்பொருளில் '-ஹெச்டிஏ' என்ற ஒரு சொல்லையும் ஒரு கோப்பின் பெயரையும் கொடுத்தால் போதும், ஒரு கணினி எழுந்து உட்கார்ந்துவிடும். இன்றைக்கும்தான். ஒரு சொல்லில் முடிகிற காரியம் எதற்காக ஒரு திரை நீளத்துக்கு வளர்ந்தது?

(ஆப்ஷன் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.)

கியூஎமுவை 2003-இல் தொடங்கியவர் ஃபாப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர். எஃப்எஃப்எம்பெக் வீடியோ மென்பொருளைத் தொடங்கியவரும் இவரே. ஒரு முழுக் கணினியை மென்பொருளாலேயே உருவாக்கிக் காட்டுவது கியூஎமுவின் வேலை. வெளியே இருக்கும் நிஜக் கணினி ஹோஸ்ட். உள்ளே ஓடுவது கெஸ்ட். அன்றைய பிசிக்களில் ஐடிஇ கேபிள் இரண்டு, கேபிளுக்கு இரண்டு டிஸ்க், ஆக மொத்தம் நான்கு. லினக்ஸ் அவற்றை ஹெச்டிஏ, ஹெச்டிபி, ஹெச்டிசி, ஹெச்டிடி என்று அழைத்தது. ஆப்ஷன்களுக்கும் அதே பெயர்களை வைத்தார்கள். சிடி டிரைவுக்கு '-சிடிராம்' உண்டு. அது உட்காரும் இடமும் மூன்றாவது இடம்தான் என்பதால், '-ஹெச்டிசி', '-சிடிராம்' இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது என்று கையேட்டில் ஒரு குறிப்பு இருக்கும்.

கைக்கு அடக்கமான ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை முடிவுகள் அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள். டிஸ்க் ஐடிஇ வகை, முதல் கேபிளில் முதல் இடம், கோப்பின் வடிவத்தைக் கியூஎமுவே ஊகித்துக்கொள்ளும். இதில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் சொல்ல இடமே கிடையாது. ஸ்கசி என்ற வேறு வகை டிஸ்க் வேண்டும் என்றால் அதற்கு ஒரு வரிசை ஆப்ஷன், மெய்நிகர் கணினிக்கென்றே வடிவமைத்த விர்ட்ஐஓ டிஸ்க் வேண்டும் என்றால் இன்னொரு வரிசை என்று சேர்த்துக்கொண்டே போகவும் முடியாது.

2008 ஜனவரியில் வெளியான 0.9.1 பதிப்பில் '-டிரைவ்' என்ற ஆப்ஷன் இருந்தது. இதில் விவரங்களைக் காற்புள்ளி போட்டு அடுக்கலாம்: '-டிரைவ் ஃபைல்=லினக்ஸ்.இமேஜ்,இஃப்=ஸ்கசி,மீடியா=டிஸ்க்'. ஒவ்வொரு துண்டும் 'பெயர்=மதிப்பு'. புதிய வசதி வந்தால் புதிய பெயர் ஒன்றைச் சேர்த்தால் போதும். சரி, கோப்பின் பெயரிலேயே காற்புள்ளி இருந்தால்? அதை இரட்டித்து எழுத வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் மறந்துபோகிற விஷயம் இது. வேறொருவர் கொடுத்த கோப்புப் பெயரை அப்படியே ஒட்டி ஓட்டினால், அந்தப் பெயருக்குள் ஒரு காற்புள்ளியை வைத்து அவர் தனக்குப் பிடித்த ஆப்ஷனையே உள்ளே நுழைத்துவிடலாம்.

2009 வாக்கில் இந்த 'பெயர்=மதிப்பு' பாணியைப் பல ஆப்ஷன்களுக்கும் பொதுவாக ஒரே நிரல் படிக்கும்படி செய்தார்கள். அதில் ஒரு சலுகையும் இருந்தது. '=ஆன்' என்று எழுதத் தேவையில்லை, பெயரை மட்டும் எழுதினாலே ஆன். பெயருக்கு முன்னால் 'நோ' சேர்த்தால் ஆஃப். 'சர்வர்,நோவெயிட்' என்றால் 'சர்வர்=ஆன்,வெயிட்=ஆஃப்'. எழுதுகிறவருக்குச் சுகம். படிக்கிற நிரல் செய்வது மிக எளிமையான வேலை: மதிப்பில்லாத ஒரு துண்டு 'நோ' என்று தொடங்கினால் அந்த இரண்டு எழுத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை ஆஃப் என்று எடுத்துக்கொள்ளும்.

இப்போது டிசிபி என்ற வகை நெட்வொர்க் இணைப்புகளில் 'நோடிலே' என்று ஒரு வசதி உண்டு. சின்னச் சின்னத் தகவல்களைச் சேர்த்து வைக்காமல் உடனுக்குடன் அனுப்பு என்று அர்த்தம். நெட்வொர்க் தெரிந்த எல்லாருக்கும் அதன் பெயர் 'நோடிலே'தான்; அதுவே முழுப் பெயர். கியூஎமுவில் 'நோடிலே' என்று எழுதினால் வெட்டுகிற நிரல் அதை 'டிலே=ஆஃப்' ஆக்கிவிடும். ஆகவே உள்ளே அந்த ஆப்ஷனை 'டிலே' என்றே பதிவு செய்து வைத்தார்கள். நியாயப்படி யோசித்து 'நோடிலே=ஆன்' என்று எழுதுகிறவர் இந்த ஏற்பாட்டில் மாட்டிக்கொள்வார். 2021-இல் வந்த 6.0 பதிப்பில்தான் இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள்: இத்தகைய சுருக்க வடிவங்கள் எல்லாம் வழக்கொழிந்தவை, முழுதாக எழுதுங்கள், 'நோடிலே'வுக்கு முறையான வடிவம் 'நோடிலே=ஆன்'. நாலு எழுத்து மிச்சப்படுத்திய சலுகைக்குப் பத்து வருடத்துக்கு மேல் வட்டி கட்டியிருக்கிறார்கள்.

இதாவது எரிச்சலோடு போனது. கோப்பின் வடிவத்தை ஊகிக்கிற வசதி உண்மையிலேயே ஆபத்தில் முடிந்தது.

டிஸ்க் கோப்புகளில் பல வடிவங்கள் உண்டு. 'ரா' என்றால் டிஸ்க்கின் பைட்டுகள் அப்படியே கோப்பில் இருக்கும். 'கியூகவ்2' என்றால் கோப்பின் தொடக்கத்தில் ஒரு தலைப்பகுதி இருக்கும். 'இங்கே இல்லாத பைட்டுகளை இன்ன கோப்பில் போய்ப் பார்' என்று இன்னொரு கோப்பை அடித்தளமாகக் காட்டவும் அதில் இடமுண்டு. வடிவத்தைச் சொல்லாமல் விட்டால் கியூஎமு முதல் சில பைட்டுகளைப் படித்து எந்த வடிவம் என்று முடிவு செய்யும். ரா கோப்பில் அந்த முதல் சில பைட்டுகளை எழுதுவது யார்? கெஸ்ட். உள்ளே இருக்கும் ஒருவர் தன் டிஸ்க்கின் முதல் செக்டாரில் ஒரு கியூகவ்2 தலைப்பகுதியை எழுதி, அடித்தளக் கோப்பாக ஹோஸ்ட்டில் உள்ள ஏதோ ஒரு கோப்பின் பாதையைக் கொடுத்துவிடலாம். அடுத்த முறை அந்த மெய்நிகர் கணினி தொடங்கும்போது கியூஎமு ஏமாந்து, ஹோஸ்ட்டின் கோப்பையே டிஸ்க் என்று நினைத்து கெஸ்ட்டுக்குத் திறந்துகாட்டும். பாதுகாப்பு ஓட்டைகளுக்கான சிவிஇ பட்டியலில் சிவிஇ-2008-2004 என்ற எண்ணில் பதிவான ஓட்டை இது.

வடிவத்தை வெளிப்படையாகச் சொல்ல 'ஃபார்மேட்=ரா' என்று எழுதலாம். ஆனால் ஊகிப்பதை ஒரேயடியாக நிறுத்த முடியவில்லை, ஏனென்றால் உலகம் முழுக்க லட்சக்கணக்கான ஸ்கிரிப்ட்டுகள் அதை நம்பியே ஓடிக்கொண்டிருந்தன. அதனால் இன்றும் சொல்லாமல் விட்டால் ஊகிக்கும். ரா என்று ஊகித்தால், இது ஆபத்தான பழக்கம், முதல் பிளாக்கில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிறேன் என்று நீளமாக எச்சரிக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த எச்சரிக்கையைக் கண்டு பயந்து தேடாமல் இருந்ததில்லை. பயப்படத்தான் வேண்டும்.

'-டிரைவ்' ஆப்ஷனில் இதைவிட ஆழமான ஒரு குழப்பம் இருந்தது. 'ஃபைல்', 'ஃபார்மேட்', 'கேஷ்' எல்லாம் ஹோஸ்ட்டைப் பற்றிய விவரங்கள். 'இஃப்=ஸ்கசி' என்பதோ கெஸ்ட்டுக்கு என்ன தெரிய வேண்டும் என்பது. இரண்டும் ஒரே சொல்லில் ஒட்டிக்கிடந்தன. வீட்டில் இருப்பவருக்குத் தெரிவது குழாய் மட்டும். மாடித் தொட்டியில் இருப்பது போர்த் தண்ணீரா, லாரித் தண்ணீரா என்பது குழாய்க்குச் சம்பந்தமில்லாத சங்கதி. 2009 டிசம்பரில் வந்த 0.12 பதிப்பிலிருந்து இந்த இரண்டையும் பிரித்தார்கள். பின்னால் இருப்பதற்கு ஓர் அடையாளப் பெயர் வைத்து '-டிரைவ் இஃப்=நன்,ஐடி=டி0,...' என்று எழுதிவிட்டு, முன்னால் தெரிய வேண்டியதை '-டிவைஸ் விர்ட்ஐஓ-பிளாக்-பிசிஐ,டிரைவ்=டி0' என்று தனியாக எழுத வேண்டும். நெட்வொர்க்குக்கும் இதே பாணியில் '-நெட்டெவ்', '-டிவைஸ்' ஜோடி வந்தது. '-டிரைவ்' பழைய சுமை எதையும் விடாமல் தூக்கிக்கொண்டு வந்ததால், 2017-இல் 2.9 பதிப்பில் பின்பக்கத்துக்கென்றே சுத்தமாக '-பிளாக்டெவ்' வந்தது. கட்டளை நீண்டதற்குப் பெரிய காரணம் இந்தப் பிரிப்புதான். என்னைக் கேட்டால், கியூஎமுவின் ஆப்ஷன் வரலாற்றிலேயே சரியான முடிவும் இதுதான்.

'-டிவைஸ்' வேலை செய்யும் விதம் அழகானது. ஒரு சாதனத்தை எழுதும் நிரலாளர் கட்டளை வரியைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. தன் சி நிரலில் ஒரு பட்டியல் போடுவார்: இந்தப் பண்பின் பெயர் இது, இது முழு எண், சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பு. அவ்வளவுதான். அந்தப் பெயர் தானாகவே ஆப்ஷனாகக் கிடைக்கும். '-டிவைஸ் விர்ட்ஐஓ-பிளாக்-பிசிஐ,ஹெல்ப்' என்று தட்டினால் முழுப் பட்டியலும் திரையில் வரும். (முன்பு 'ஹெல்ப்' இருந்த இடத்தில் கேள்விக்குறி போடுவார்கள். கட்டளையை முதலில் படிக்கும் ஷெல்லுக்குக் கேள்விக்குறி ஒரு வைல்டுகார்டு, அதாவது எந்த எழுத்துக்கும் பொருந்தும் குறி, என்பதால் அந்தப் பழக்கத்தை மாற்றினார்கள்.) 'எக்ஸ்-' என்று தொடங்கும் பண்புகளையும் அந்தப் பட்டியலில் பார்க்கலாம். இது சோதனைக்கு, நாளைக்கே மாறலாம், நம்பி எதையும் கட்டாதே என்று அர்த்தம்.

இந்த ஏற்பாட்டிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. பெயர் வைப்பது அவரவர் கையில் இருந்ததால், விர்ட்ஐஓ பிளாக் சாதனத்தில் கோரிக்கைகள் காத்திருக்கும் வரிசைகளின் (கியூ) எண்ணிக்கைக்கு 'நம்' என்பதற்குப் பிறகு சிறுகோடு; விர்ட்ஐஓ ஸ்கசி சாதனத்தில் அதே பண்புக்கு அடிக்கோடு. ஒன்றில் எழுதிப் பழகியவர் மற்றதில் எழுதினால் 'அப்படியொரு பண்பு இல்லை' என்று பதில் வரும். ஒருமுறை வெளியிட்டபின் பெயரைத் திருத்துவது லேசில் நடக்காது.

பெயரைவிட வழுக்குவது, சொல்லாமல் விட்டால் என்ன என்பது. '-எஸ்எம்பி 4' என்றால் நான்கு சிபியு. ஆனால் நான்கு சாக்கெட்டில் (சிப் செருகும் இடம்) ஒவ்வொன்றா, ஒரே சாக்கெட்டில் நான்கு கோரா (ஒரே சிப்புக்குள் இருக்கும் சிபியு)? நீண்ட காலம் கியூஎமு நான்கு சாக்கெட் என்றே எடுத்துக்கொண்டது. விண்டோஸ் 10 புரோ இரண்டு சாக்கெட்டுக்கு மேல் தொடாது. நான்கு சிபியு கொடுத்தும் இரண்டுதான் வேலை செய்கிறது என்ற புலம்பலுக்கு இதுதான் காரணம். 6.2 பதிப்பில் கோர்களுக்கு முன்னுரிமை என்று மாற்றினார்கள்.

அப்படித் திடீரென்று மாற்றினால் பழைய கெஸ்ட் என்ன ஆகும்? மதர்போர்டையே மாற்றிவிட்டதுபோல அது விழிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நிறுத்தாமலே நகர்த்தும்போது இரு பக்கமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். அதனால்தான் '-மெஷின்' ஆப்ஷனில் பதிப்பு எண்ணுடன் கூடிய பெயர்கள்: 'பிசி-கியூ35-6.1' என்று கேட்டால் மென்பொருள் அதைவிடப் புதியதானாலும் 6.1 காலத்து மதிப்புகளே கிடைக்கும். இந்த மாயத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரு சாதாரணப் பட்டியல்: இன்ன சாதனத்தின் இன்ன பண்புக்கு அப்போது இருந்த மதிப்பு இது. 5.2-இல் விர்ட்ஐஓ பிளாக்கின் வரிசை எண்ணிக்கையைச் சிபியு எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றியபோது, 5.1-க்கான பட்டியலில் '1' என்று ஒரு வரி சேர்ந்தது.

இவ்வளவு நீளத்தைக் கையால் தட்டுவதற்குப் பதில் கோப்பில் எழுதிவைக்கலாமே என்று தோன்றும். தோன்றியது. '-ரீட்கான்ஃபிக்' என்ற ஆப்ஷனுக்கு ஒரு கோப்பைக் கொடுத்தால், சதுர அடைப்புக்குள் தலைப்பு, கீழே 'பெயர் = மதிப்பு' என்று எழுதியிருப்பதைப் படித்துக்கொள்ளும். அதன் ஜோடியாக, இப்போது கொடுத்திருக்கும் ஆப்ஷன்களை எல்லாம் கோப்பாக எழுதித்தர '-ரைட்கான்ஃபிக்' வந்தது. அது முழுமையாக வேலை செய்யவே இல்லை. பொதுவான நிரல் வழியாகப் போன ஆப்ஷன்கள் மட்டுமே அதற்குத் தெரியும். பழைய ஆப்ஷன்கள் பல நேராக ஏதாவது ஒரு மாறியில் மதிப்பை வைத்துவிட்டுப் போய்விடும், அவை கோப்பில் விழாது. பாதி கணினியை மட்டும் சேமிக்கிற கோப்பை வைத்து என்ன செய்ய? தோல்வியடைந்த சோதனை என்று ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டு அதை நீக்கினார்கள். இன்னொரு பக்கம், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் இன்னொரு மென்பொருளான ஸென் வேறு வழியில் போனது. அதன் பழைய 'எக்ஸ்எம்' கருவிக்கு அமைப்புக் கோப்பு என்பதே ஒரு பைத்தான் நிரல். படிப்பதற்குப் பதில் ஓட்டிவிடும். வசதிக்குக் குறைவில்லை, ஆனால் அமைப்புக் கோப்பைத் திறந்தாலே அதிலுள்ள நிரல் ஓடும் என்பது யாருக்கும் நிம்மதி தருகிற விஷயம் இல்லை.

கியூஎமுவின் உலகத்தில் அமைப்புக் கோப்பு வேலையை, மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட் என்ற வெளி மென்பொருள் எடுத்துக்கொண்டது. நீங்கள் எக்ஸ்எம்எல்-இல் எழுதிவைப்பீர்கள். அது அந்த நீளக் கட்டளையைத் தயாரித்து ஓட்டும். ஆக, கட்டளை வரியின் முக்கிய வாசகர் மனிதர் இல்லை, இன்னொரு மென்பொருள். இந்தக் கியூஎமுவுக்கு எந்தெந்த ஆப்ஷன் தெரியும் என்று லிப்வர்ட் ஆரம்பத்தில் எப்படிக் கண்டுபிடித்தது தெரியுமா? '-ஹெல்ப்' கொடுத்து, வருகிற உதவி உரையில் '-டிரைவ்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தது! மனிதர்கள் படிக்க எழுதிய வாக்கியத்தை யாராவது கொஞ்சம் மாற்றி எழுதினால் வேறெங்கோ ஒரு மென்பொருள் தடுமாறும். 2012 வாக்கில் இதை விட்டுவிட்டு, சுருள் அடைப்புக்குறிக்குள் பெயரையும் மதிப்பையும் எழுதும் ஜேசான் வடிவில் கேள்வி கேட்டு ஜேசான் வடிவில் பதில் வாங்கும் கியூஎம்பி வழிக்கு மாறினார்கள்.

கியூஎம்பி வந்ததும் ஒரே காரியத்துக்கு இரண்டு மொழிகள் ஆகிவிட்டன. தொடங்கும்போது டிஸ்க் சேர்க்கக் கட்டளை வரி, ஓடும்போது சேர்க்க ஜேசான். இரண்டுக்கும் தனித்தனி நிரல் எழுதினால் இரண்டும் தனித்தனியாகத் தப்பு செய்யும். அதனால் ஒரே வரையறையை ஓரிடத்தில் எழுதி, அதிலிருந்து சி அமைப்பு, படிக்கும் நிரல், ஆவணம் எல்லாவற்றையும் கருவி கொண்டு உருவாக்கும் முறைக்குப் போனார்கள். '-பிளாக்டெவ்' அப்படிப் பிறந்ததுதான். 6.2-இல் '-டிவைஸ்' ஆப்ஷனுக்கும் ஜேசானை நேரடியாகக் கொடுக்க வழி வந்தது. அந்தச் சுருள் அடைப்புக்குறிகள் அங்கிருந்து வருபவை. காற்புள்ளியை இரட்டிக்கும் தொல்லை அதோடு போனது. பதிலுக்கு வேறொன்று வந்தது. பழைய வடிவத்தில் எல்லாமே வெறும் எழுத்துத்தான், எண்ணா சொல்லா என்று யாரும் கேட்கவில்லை. ஜேசானில் எண் கேட்கிற இடத்தில் 4 என்று எழுத வேண்டும். மேற்கோள் குறிக்குள் போட்டால் அது சொல், எண் அல்ல என்று கியூஎமு தொடங்க மறுத்துவிடும்.